மிதக்கும் வட்டி

ஐப்பசி, செவ்வாய்.

இன்று ஆரம்பாக்கத்தில் வீட்டுக்கடன் ஆய்வு. கடன் கொடுக்கும் நிறுவனங்களை அரசு கண்காணிக்கிறது. அதற்காகக் கடன் வாங்கியவர்களை நாங்கள் கேள்வி கேட்கிறோம். படிவத்தின் தமிழ் டெல்லியில் செய்தது; ஏறி இறங்கும் வட்டிக்கு அதில் 'மிதக்கும் வட்டி' என்று பெயர். "உங்கள் வட்டி நிலையானதா, மிதப்பதா?" என்று வாசித்தேன்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் தேவகி, ஏரியில் மீன் பிடிக்கும் தன் கணவரைப் பார்த்தார். அவர் வலையிலிருந்து தலை நிமிராமலே பதில் சொன்னார்: "வட்டி மெதக்குது சார். ஊடுதான் முங்கிக்கினு கீது."

தேவகி சிரிக்கவில்லை. வட்டி ஏறியபோது மாதத் தவணையை அப்படியே விட்டு, கடன் காலத்தை ஏழு வருடம் நீட்டிவிட்டார்களாம். "முடியறப்ப எனக்கு அறுவத்தெட்டு. அதுவரிக்கும் எந்தக் கம்பெனி சார் என்னை வெச்சிக்கும்? இத எழுதிக்கினீங்களா?"

அதற்குக் கட்டம் இல்லை. 'இதர' என்று சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு இருந்தது. 'கால நீட்டிப்பு' என்று எழுதிக் காட்டினேன்.

"எங்களக் கேக்காமன்னு போடுங்க சார்."

கோட்டில் இடமில்லாததால் ஓரத்தில் போட்டேன். தேவகியின் முகம் தெளிந்தது. ஓரத்தில் இருப்பதை எங்கள் கணினி படிப்பதில்லை என்று நான் சொல்லவில்லை.

கண்ணை மூடினால் அந்த வீடு விளக்கோடு ஏரியில் மிதந்து போகிறது. தேவகி கைப்பையுடன் வாசற்படியில் நின்று, காலை ஷிப்டுக்குக் கரை எந்தப் பக்கம் என்று கேட்கிறார். நான் படிவத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன்.