கோலுக்குப் பின்னால் ஓர் இருக்கை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், கோபம் ஆறுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். போனில் சொன்னால், "சரிம்மா, சரிம்மா" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவீர்கள். அந்தக் கப்பலே உங்கள் ஒருவர் சமையலில்தான் மிதக்கிறது என்று நினைப்பு. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கூடவே ஒரு பொருளும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

மகள் ஆடுகிற ஹாக்கி இறுதிப் போட்டிக்கு "நல்ல இடமாப் பார்த்து ரெண்டு டிக்கெட் எடு" என்று சொல்லிவிட்டீர்கள். எது நல்ல இடம் என்று சொன்னீர்களா? அரையிறுதியில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்வரிசைதான் உசத்தி என்று நினைத்து, மருந்துக்கடையில் அரைநாள் லீவு கேட்டு முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, அடித்துப்பிடித்து டிக்கெட் வாங்கினேன். போய் உட்கார்ந்தால், மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கிற கூரை போட்ட பெஞ்சு எனக்கு நேர் முன்னால். ஆட்டம் முழுக்க அந்தக் கூரையையும், அதற்கு மேல் அவ்வப்போது எழும்பிய கோச்சின் வழுக்கையையும்தான் பார்த்தேன். கூட்டம் கத்தியபோதெல்லாம் நானும் கத்தினேன். ஒருமுறை எதிரணி போட்ட கோலுக்கு, அதுவும் நம் மகளைத் தாண்டிப் போட்ட கோலுக்கு, எழுந்து நின்று கைதட்டித் தொலைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் முறைத்த முறைப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தச் சூடு போதாதென்று இந்த முறை உங்கள் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். டிவியில் பார்த்தே எல்லாம் கரைத்துக் குடித்தவர் ஆயிற்றே! மேல் மாடி, நட்ட நடு, அங்கிருந்து பார்த்தால்தான் பந்து எங்கிருந்து எங்கே போகிறது என்று புரியும் என்று எனக்கு மட்டுமில்லை, வரிசையில் நின்ற எல்லோருக்கும் பாடம் எடுத்தார். பின்னால் நின்றவர்கள் திட்டியது மட்டும் என்னை. ஆளை விட்டால் போதும் என்று அவர் காட்டிய இடத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை வாங்கிவந்தேன்.

உங்கள் வாண்டு அப்போது காலில் கட்டுகிற தடுப்புகளை ஜன்னலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்றம் வீட்டையே தூக்குகிறது, அது தனிக் கதை. வாண்டு என்று இன்னும் நீங்கள்தான் சொல்கிறீர்கள், இப்போது அவள் என்னைவிட ஒரு தலை உயரம். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேசைமேல் வைத்தாள். முகம் தொங்கிப்போயிற்று. உங்களை மாதிரியேதான், வாயைப் பிடுங்கித்தான் வார்த்தையை எடுக்க வேண்டும். கடைசியில், "நடுவுல உக்காந்தா மேட்ச் நல்லாத் தெரியும்மா. நான் தெரிய மாட்டேன்" என்றாள்.

பிறகுதான் விளக்கினாள். மற்றவர்கள் மைதானம் பூராவும் ஓடுகிறார்கள், சேர்ந்து கத்துகிறார்கள், சேர்ந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கோல் காப்பவள் மட்டும் தனியாக நிற்கிறாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடி நின்றால் கூட்டத்தில் ஒருவர் முகமும் தெரியாதாம். முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற குரல் மட்டும் தெளிவாகக் கேட்குமாம். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்ளுமாம். இத்தனை மேட்ச் பார்த்திருக்கிறேன், அது எனக்குத் தெரியவே தெரியாது. அரையிறுதியில் எதிரணி கோலுக்கு நான் ஏன் கைதட்டினேன் என்று இப்போதுதான் புரிகிறது.

அதனால் அவள் கேட்பது இதுதான். இந்தப் பக்கக் கோலுக்குப் பின்னால் நான், அந்தப் பக்கக் கோலுக்குப் பின்னால் நீங்கள். எந்தப் பக்கம் போய் நின்றாலும் அவள் முதுகுக்குப் பின்னால் நம் குரல் ஒன்று இருக்க வேண்டும்.

எனக்கு வந்ததே கோபம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் உண்டா என்று பொரிந்து தள்ளினேன். அதற்கு அவள் தடுப்புகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "முன்னாடியே கேட்டிருந்தா, அப்பா கண்டிப்பா வரணும்னு கேட்ட மாதிரி ஆயிடும்மா." மேசைமேல் கிடந்த டிக்கெட்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

மறுபடியும் லீவு, மறுபடியும் முதலாளியின் அர்ச்சனை. டிக்கெட் கொடுப்பவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையில் கை வைத்தார். ஒன்று இந்த முனையில், ஒன்று அந்த முனையில் வேண்டும் என்றதும், ஏம்மா, வீட்டில் ஏதும் சண்டையா என்று கேட்டார். சண்டை போடுவதற்கும் ஆள் ஊரில் இருக்க வேண்டுமே என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் நல்ல மனிதர், மாற்றிக்கொடுத்தார்.

இப்போது உங்கள் விஷயம். போன செய்தியில் வானிலை, காய்கறி விலை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பதிலாக வருகிற சமையல்காரருக்கு வீட்டில் ஏதோ சிக்கல், இன்னும் ஒரு பயணம் இருக்க முடியுமா என்று கேட்கிறாராம், பாவமாக இருக்கிறதாம். எனக்குப் படிக்கத் தெரியும். போன தடவை யாருக்கோ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, விட்டுக்கொடுத்தீர்கள். அதற்கு முன்னால் யாரோ வீடு மாறினார்கள், அதற்கும் விட்டுக்கொடுத்தீர்கள். கப்பலில் உங்களைப்போல் தங்கமான மனிதர் உண்டா என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் தூக்கிக் கொடுப்பது உங்களுடையது இல்லை, எங்களுடையது. அதை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நீங்கள் வராவிட்டால் அந்த இருக்கையில் தான் உட்காருவதாக உங்கள் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன். மகளும் வேண்டாம் என்றாள். அப்பா வரவில்லை என்றால் காலியாகவே இருக்கட்டும் என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே உங்கள் டிக்கெட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள். இனி அந்த இடத்தில் நீங்கள் உட்காரலாம், இல்லையென்றால் யாரும் உட்கார முடியாது. நிழல் விழுகிற பக்கத்தை உங்களுக்கு வைத்திருக்கிறேன். என் பக்கம் நல்ல வெயில், பரவாயில்லை, தொப்பி வாங்கிக்கொள்கிறேன்.

என் பக்கத்தில் அவள் நிற்கும்வரை தொண்டை கிழியக் கத்துவேன். பாதி ஆட்டம் முடிந்து அவள் அந்தப் பக்கம் நடந்து போகும்போது, அவ்வளவு தூரத்துக்கு என் சத்தம் எட்டாதுங்க.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் அமைதியாக இருந்து உங்களைப் பத்திரமாகக் கரையில் இறக்கிவிடட்டும்.

வெயில் பக்கத்து இருக்கையில் இருக்கப்போகும்,
உங்கள் மனைவி