என்வி என்றொரு சொல்

இன்று காலை பக்கத்து வளவில் யாரோ குழந்தைக்குக் கண்ணூறு கழித்தார்கள். செத்தல் மிளகாயின் நெடி வேலி தாண்டி வந்து தொண்டையைப் பிடித்தது. இருமி முடிப்பதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது, சிநேகிதி.

நாம் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்து, பிறகு சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். உன் தகப்பனோ உன்னை விடுதியில் விட்டு இங்கிலீசும் லத்தீனும் படிப்பித்தார். நீ யாழ்ப்பாணத்தில் ரீச்சரான பிறகு, என் மூத்தவள் பிறந்ததைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாய். அன்று நான் உன் முகத்தைவிட உன் மணிக்கட்டுக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். உன் நகங்கள் வெள்ளையாக இருந்தன. என் விரலெல்லாம் புகையிலைக் கறை. தனியாகப் பஸ் ஏறி வந்தேன் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு வயிறு எரிந்தது.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐ என்வி யூ" என்றாய்.

"அப்பிடியெண்டால் என்னடி?"

"உன்னைப் பாக்க எனக்குப் பொறாமையாய்க் கிடக்கு எண்டு அர்த்தம்."

குசினிக்குள் மாமியின் அகப்பைச் சத்தம் நின்றது. நீ கவனிக்கவில்லை. வகுப்பில் நிற்பவள் போலத் தொடர்ந்தாய்.

"இங்கிலீசிலை இதைச் சிரிச்சுக்கொண்டு முகத்துக்கு நேரை சொல்லலாம். உன்ரை சீலை வடிவெண்டாலும் சொல்லுவினம், லீவு கிடைச்சாலும் சொல்லுவினம். ஆனால் அந்தச் சொல்லின்ரை வேர் லத்தீன். கெட்ட எண்ணத்தோடை ஒராளை உத்துப் பாக்கிறது, அதுதான் முந்தின கருத்து."

"அது எங்கடை கண்ணூறு தானேயடி!"

"ஓம். அவையளுக்கும் கண் பட்டிருக்கு" என்று சிரித்தாய்.

நீ படலை தாண்டியதும் மாமி மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது எங்கள் நம்பிக்கை. அன்று வீடே இருமியது.

"நெடி எழும்புது. அவளின்ரை கண் நல்ல கண்" என்றார் மாமி.

எனக்குச் சுருக்கென்றது. சோதிக்க வேண்டிய கண் எதுவென்று எனக்கல்லவா தெரியும்! நீ பொறாமையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு இலேசாகப் போய்விட்டாய். நான் ஒன்றும் சொல்லாமல் உன் குடை ஒழுங்கையில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நீ வந்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான் பார்த்தேன்.

மூத்தவள் வளர்ந்ததும் உன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தோம். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் உன் கதைதான். ரீச்சர் அப்படிச் சொன்னா, ரீச்சர் இப்படிச் சிரிச்சா. சோறு போடும் கையை அவள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

போன மாரியில் நெருப்புக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. சேதி கேட்டதும் உன் லத்தீன் கருத்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உற்றுப் பார்த்தே உன்னை விழுத்தியவள் நான்தானோ என்ற பயம் இன்னும் இறங்கவில்லை. மாமியும் இல்லை, யாரிடம் கேட்பேன்?

செத்தவீட்டில் உன் தலைமாட்டைச் சுற்றி வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், பெற்றவளைப் பறிகொடுத்தவர்களாய் அழுதார்கள். என் மூத்தவளும் அவர்களோடு நின்றாள். கூப்பிட்டேன்.

"விடுங்கோ அம்மா. நான் ரீச்சரோடை நிக்கிறன்" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

நானும் அழுதுகொண்டுதான் நின்றேன், அடி. ஆனாலும் கண்மூடிக் கிடந்த உன்னைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.