அப்பாவின் டோக்கன் நம்பரும் என் ரூட்டரும்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து காற்று. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சயனைட் மேட்டுத் தூசி ஜன்னல் கம்பியெல்லாம். ஆபீஸ் மெயில்: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் இணைப்பை வெள்ளிக்கிழமை பரிசோதிப்பார்களாம். பாதுகாப்பு போதாது என்றால் அடுத்த வாரம் முதல் பெங்களூருக்கே வர வேண்டும். பத்தொன்பது வருடம் விடியற்காலை ரயில், பாதி நாள் நின்றுகொண்டே. இனி மாட்டேன்.

இதற்கு இடைஞ்சல், பாபு. என் மனைவி செல்வியின் தம்பி, பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். இன்டர்நெட் ஏஜென்ட். மோடம் அவன் வைத்தது. எல்லா வீட்டு மோடத்துக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட், அதுவும் அவன் கையில். போன ஞாயிறு விருந்தில், எல்லார் முன்னாலும்: "இன்னா மாமா, டூட்டி நேரத்துல உங்க வீட்ல டிவி ஓடுது?" தன் போனில் பார்த்திருக்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். செல்வியும்.

ஜூலை 8, செவ்வாய்
பங்காருபேட்டை போய் சொந்த ரூட்டர் வாங்கினேன். தேங்காய், பல்பு மறந்துவிட்டது.

செய்ய வேண்டியவை:
– மோடத்தை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்வது (அது வெறும் குழாயாக இருந்தால் போதும், வீடு என் ரூட்டர் வசம்)
– ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் மாற்றம்
– அப்டேட்
– வெளியிலிருந்து உள்ளே நுழையும் வசதி, பட்டன் அழுத்திச் சேரும் வசதி, இரண்டும் ஆஃப்

பாபுவிடம் சொன்னேன்.
"நம்ம மோடமே போதும் மாமா. என் மேல நம்பிக்கை இல்லியா?"
"இல்லை."
"அப்பறம் நெட் வர்லன்னு எங்கிட்ட வராதீங்க."
அவன் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுப்பேன் என்றேன். அரை மணியில் போட்டுக் கொடுத்தான்.

ஜூலை 9, புதன்
எல்லாம் முடிந்தது. வெளியே போவது அவன் கம்பெனிக்குத் தெரியலாம். வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்பது இனி தெரியாது.

மாலையில், ரூட்டரில் சேர்ந்திருக்கும் போன், டிவிகளின் பட்டியலைப் பார்த்தேன். எங்களுடையவை ஐந்து. அதில் ஆறு. ஆறாவது, பாபுவின் போன். ஊருக்கெல்லாம் நெட் கொடுப்பவன், ஓசியில் என் வைஃபை!

பிறகுதான் உறைத்தது. வைஃபை பாஸ்வேர்டாக நான் போட்டது அப்பா பெயரும் மைன்ஸ் டோக்கன் நம்பரும். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய இந்த லைன் வீடுகளில் எல்லாரும் போடுவது அதைத்தான். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் உரக்கக் கூப்பிட்ட நம்பர்கள்; யார் அப்பாவுடையது எது என்று லைனுக்கே மனப்பாடம். பி.எஸ்ஸி. படித்த எனக்கும் புத்தி அங்கேதான் போயிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்
புது பாஸ்வேர்ட். நான் மட்டும் மறக்காத ஒன்று. இருபத்தாறு வருடத்துக்கு முன் என் கல்யாணப் பந்தலில், என் முதுகுக்குப் பின்னால் பாபு சொன்னதாக என் காதுக்கு வந்தது: "பி.எஸ்ஸி. படிச்சி இன்னா, ஷிஃப்ட் போறவனே மேல்." ஆங்கில எழுத்தில், நடுநடுவே எண்கள். சொன்னவன் மறந்திருப்பான். நான் மறப்பேனா?

எட்டு மணிக்கு வாசலில் பாபு. "மாமா, நெட் வர்ல."
"உன் நெட்டா, என் நெட்டா?"
செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். காபி இரண்டாவது டம்ளர் குடித்தேன்.

ஜூலை 11, வெள்ளி
பரிசோதனை நாற்பது நிமிடம். பெங்களூர்ப் பெண், சின்ன வயசு, கெட்டிக்காரி. கேட்டதற்கெல்லாம் பதில் தயார். கடைசியில், "சூப்பர் சார். எங்க டீம்லயே உங்க செட்டப்தான் பெஸ்ட்."
ரயில் இல்லை! ஒரு கிலோ மட்டன்.

மத்தியானம் செல்வி போனை நீட்டினாள். "இன்னாங்க பாஸ்வேர்ட்?" வாங்கி நானே அடித்தேன். "இவ்ளோ நீட்டா?" கண் படம் போட்ட இடத்தை அழுத்தினாள். எழுத்தெல்லாம் தெரிந்தது. வாய்விட்டுப் படித்தாள். "நம்ம கல்யாணத்தில் உன் தம்பி சொன்னது" என்றேன்.
"பாபு சொன்னான்னா நெனச்சிங்க? அப்ப அவனுக்கு பதிமூணு வயசு. இத சொன்னது எங்கப்பா."

இருக்கட்டும். பாஸ்வேர்ட் மாறாது. தான் சொல்லவே சொல்லாததை பாபு எப்படிக் கண்டுபிடிப்பான்?