கழுதை எழுத்தும் பசு எழுத்தும்

லாஸ் கனேலாஸ்,
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நெலிதாவுக்கு அப்பா ஓனோஃப்ரே எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் நம் மலைச்சரிவுத் தோட்டம் மாதிரி ஒரு பக்கமாக இறங்கிப் போகின்றன. நான் பேனாவை மண்வெட்டி பிடிப்பது போலப் பிடிக்கிறேன் என்று முதியோர் வகுப்பு ஆசிரியை மிரேயா சொல்கிறார். இரண்டு இடங்களில் தாள் கிழிந்துவிட்டது. ஆனால் இது முழுக்க நானே எழுதுவது. உன் பெயரை எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அழகாக இருக்கிறது உன் பெயர்.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நாய்தான் காலில் முள் ஏறி நொண்டுகிறது.

உன் ஆபீஸிலிருந்து நீ அனுப்பும் சுற்றுலாப் பேருந்து ஞாயிறு தவறாமல் கொன்செப்சியோன் நகரத்திலிருந்து வருகிறது. நீதான் வருவதில்லை. இந்த இலையுதிர்காலத்தில் அறுவடை பார்க்க வருகிறவர்கள் கஷ்கொட்டை பொறுக்குகிறார்கள், பைன் காட்டில் காளான் தேடுகிறார்கள், சிவந்த இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். சரி, செய்யட்டும். ஆனால் ஒருவர் காலில் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு திராட்சை மிதிக்கும் தொட்டிக்குள் இறங்கினார். அந்தத் தொட்டி இப்போது சலூன் மாதிரி மணக்கிறது. இன்னொருவர் குளவிகளை விரட்டச் சொன்னார். பழுத்த திராட்சைக்குக் குளவி வராமல் வேறு என்ன வரும்? வழிகாட்டிப் பெண் தமாரா நல்ல பெண்தான், ஆனால் "ஐயா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க" என்று ஒரே தொல்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது, மகளே. ஊரில் உள்ளவர்களை எல்லாம் என் வீட்டுக்கு ஏற்றி அனுப்புகிறாய், அதே வண்டியில் உனக்கு ஒரு இருக்கை கிடைக்கவில்லையா?

இதில் வேடிக்கையும் உண்டு. பேருந்துச் சத்தம் கேட்டதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு ஓடுவாள். முதலில் இறங்குகிறவரிடம் "வீனோ?" என்பாள். அந்த ஒரே சொல்லில் அவள் கேட்பது நீ வந்தாயா என்று. அவர்களுக்குக் கேட்பது ஒயின் வேண்டுமா என்று. "ஆமாங்க, சிவப்பு ஒரு கிளாஸ் குடுங்க" என்று கையை நீட்டுகிறார்கள். அவளும் உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்து கொடுக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. முதல் தடவை நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் நடந்ததை நான் கிளறப் போவதில்லை. பூப்போட்ட பாவாடையும் வைக்கோல் தொப்பியும் வாங்கி வந்து, வருகிறவர்கள் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு திராட்சை மிதிக்கும்படி அம்மாவிடம் சொன்னாய். நான் என்ன கண்காட்சியா என்று அவள் கேட்டாள். அப்படியென்றால் தனியாகவே மிதித்துக்கொள் என்று நீ கிளம்பிப் போனாய். இருவருக்கும் ஒரே பிடிவாதம். அது என் பக்கத்திலிருந்து வந்தது இல்லை என்பதை மட்டும் எழுத்தில் பதிவு செய்கிறேன்.

கடைசி வரிசைத் திராட்சையை நான் இன்னும் அறுக்கவில்லை. சீமைமாதுளை வேலியோரம் இருக்கிறதே, அதுதான். அதை எப்போதும் நாம் மூவரும்தான் அறுப்போம், அந்தப் பழத்தை நீயும் அவளும் கைகோத்துக்கொண்டு மிதிப்பீர்கள். இந்த வருஷம் அவள் தொட்டியில் கால் வைக்கவே இல்லை. தனியாக மிதித்தால் வழுக்கும் என்கிறாள். பழம் தோல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் மழை என்று வானொலியில் சொல்கிறார்கள். ஒரு நல்ல மழை போதும், வரிசை முழுவதும் அழுகிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

இப்போது பலகை விஷயத்துக்கு வருகிறேன். பேருந்து திருப்பத்தைத் தவறவிட்டுவிடுகிறது என்று தமாரா குறைப்பட்டாள். நானே ஒரு பலகையில் பெயிண்டால் எழுதி கேட் பக்கத்தில் நட்டேன். ஒரே ஒரு சொல்: வீனோ. பலகையில் அதற்குத்தான் இடம் இருந்தது. நிமிர்ந்து நின்று பார்த்தபோது எனக்கு இருந்த கர்வத்தை எப்படிச் சொல்வது! ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். என் எழுத்தைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று நீ போன் செய்தாய். "அப்பா, அதுல முதல் எழுத்தே தப்பு. ஆபீஸ்ல எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. உடனே மாத்துங்க" என்றாய், போனை வைத்துவிட்டாய்.

நான் நேராக ஆசிரியை மிரேயாவிடம் போனேன். நம் மொழியில் ஒரே ஓசைக்கு இரண்டு எழுத்தாம். கழுதை என்ற சொல்லுக்கு முதலில் ஒன்று, பசு என்ற சொல்லுக்கு முதலில் இன்னொன்று. நான் பசு எழுத்து போட வேண்டிய இடத்தில் கழுதை எழுத்தைப் போட்டிருக்கிறேன். ஒயினுக்குப் பசு எழுத்து, சரி, வந்தாள் என்பதற்கு எந்த எழுத்து என்று கேட்டேன். அதற்கும் அதே பசு எழுத்துதான், இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது என்றார். வாழ்நாள் முழுவதும் வாயால் சொல்லியும் இதைக் கவனித்ததே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நெலிதா, அந்தப் படம் உன்னிடம் இருக்கும். இன்னொரு தடவை பார். எழுத்தை விடு. பலகைக்குப் பின்னால், கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? என்ன உடுத்தியிருக்கிறாள்? அந்தப் பாவாடையை அவளே பெட்டியிலிருந்து எடுத்தாள். இடுப்பில் தளர்வாக இருந்ததால் காலையில் உட்கார்ந்து பிடித்துத் தைத்தாள். தொப்பியும் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. பேருந்து போன பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டு, "கிழவா, இதை அவகிட்ட சொல்லித் தொலைக்காதே" என்றாள். சொல்லவில்லை, எழுதுகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னால் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவேன்.

இன்று காலை பலகையைத் திருத்தினேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். "இப்போ என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஒயின் என்று சொல்லியிருக்கலாம். "வந்துட்டாள்னு எழுதியிருக்கு" என்றேன். பெயிண்ட் காயும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

கொன்செப்சியோன் போகும் பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வரும் ஞாயிறுதான் இந்த வருஷத்துக் கடைசி வண்டி. மழை வந்தாலும் சரி, அதுவரை அந்த வரிசையில் நான் கத்தி வைக்க மாட்டேன். நான் எழுதியதை முதல் தடவை திருத்தச் சொன்னாய், திருத்தினேன். இரண்டாம் தடவை எழுதியதைப் பொய்யாக்கிவிடாதே.

ரப்பர் செருப்பு கொண்டு வராதே. வழுக்கும்.

அடுத்த வாரமும் எழுதுவேன். நீ எதிரே உட்கார்ந்து கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாலும் எழுதி உன் கையில் கொடுப்பேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
ஓனோஃப்ரே