கடைசியில் வரும் மணி

அக்கா,

இன்று காலை உங்கள் சைக்கிள் மணியை என் சைக்கிளில் மாட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் தேங்காய் எண்ணெய் வாசம் கையை விட்டுப் போகவில்லை. மீன் குழம்புக்கும் அதுதான், தலைக்கும் அதுதான், சைக்கிள் சங்கிலிக்கும் மணிக்கும் அதுதான் உங்களுக்கு. மண் ஒட்டும் என்று எத்தனை பேர் சொன்னோம், கேட்டால்தானே. பாதி ஆயுசை மஸ்கட்டில் நர்ஸ் வேலையில் கழித்துவிட்டு வந்தவரிடம் யார் பேசி ஜெயிப்பது?

வடசேரி ஜவுளிக்கடையில் உட்கார்ந்த இடத்திலேயே சர்க்கரையை வளர்த்தவள் நான். டாக்டர் திட்டியதால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் சேர்ந்தேன். முதல் நாளே, ஊர் எல்லை தாண்டுவதற்குள் எல்லோரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். திரும்பிவிடலாம் என்று காலை ஊன்றினால், பின்னால் நீங்கள்.

“பைய போட்டி மக்கா, நான் பொறத்த உண்டுல்லா” என்றீர்கள்.

கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது உங்களுக்கு யாரும் கொடுத்த வேலை இல்லை. எவ்வளவு மெதுவாக யார் வந்தாலும் அவருக்கும் பின்னால் நீங்கள் வருவீர்கள். முன்னால் போனவர்கள் ரோடு பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் நிற்பார்கள். உங்கள் மணி கேட்டால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அதன் பிறகே கிளம்புவோம். ஆளை எண்ணிப் பார்க்கிற பழக்கமே எங்களுக்கு இல்லாமல் போனது.

ஒருமுறை வட்டக்கோட்டைக்கு ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று எங்கள் எல்லோரையும் முட்டி போடவைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். கோட்டை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். விலா எலும்பு ஒடிந்தாலும் பரவாயில்லை, ஆள் பிழைக்கவேண்டும் என்று எங்களை அதட்டினீர்கள்.

அந்த ஞாயிறு, மயிலாடி தாண்டியதும் “நீ போட்டி, நான் வாறேன்” என்றீர்கள். எனக்கு வேகம் கூடிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக மிதித்துப் போனேன். அஞ்சுகிராமம் விலக்கில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நின்றோம். மணி கேட்கவில்லை. சங்கிலி கழன்றிருக்கும், எல்லாம் எண்ணெய் செய்த வேலை என்று கேலி பேசினோம். மீன்காரர் ஒருவர் பைக்கில் வந்து, ஒரு அம்மா சைக்கிளோடு ரோட்டோரம் கிடக்கிறார் என்று சொன்னார். நெஞ்சை அமுக்கத் தெரிந்த அத்தனை கைகளிலும் டீ கிளாஸ் இருந்தது.

யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர். முடியாது, பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு கிளம்பினோம். சுசீந்திரம் தாண்டி முதல் விலக்கில் நின்றோம். எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். ஆனால் ஒருவரும் நகரவில்லை. இன்னும் யாருக்காக நிற்கிறோம் என்று ரப்பர் வியாபாரம் செய்யும் தம்பி கேட்டபோதுதான் உறைத்தது. உங்கள் மணிக்காக நின்றிருக்கிறோம். அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

பின்னால் வர ஆள் இனி வேண்டாம், யார் எங்கே வருகிறார்கள் என்று போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் குழுவை நடத்துகிறவன். மெதுவாக வருகிற பெண்கள் ஒவ்வொருவராகக் குழுவுக்கு வராமல் நின்றுபோனார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பின்னால் வருகிறேன் என்றேன்.

“யக்கா, உங்களுக்குச் சுகர் உண்டு. நீங்க விழுந்தா பொறத்த ஆரு உண்டு?” என்று கேட்டான்.

உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம், கை தட்டினோம், உங்களைப்போல ஒருவர் உண்டா என்று மேடை போட்டுப் பேசினோம். இந்த ஒரு கேள்வியை மட்டும் உங்களிடம் யாருமே கேட்கவில்லையே, அக்கா.

அவனுக்குப் பதில் சொன்னது ரப்பர் தம்பிதான். குழுவிலேயே வேகமாகப் போகிறவன், விலக்குக்கு விலக்கு காத்துநிற்க வேண்டியிருக்கிறதே என்று உங்கள் காதுபடவே முணுமுணுத்தவன். “நானும் யக்காகூட பொறத்த வாறேன்” என்றான்.

இன்று காலை நாங்கள் இருவரும் கடைசியில் வந்தோம். பைய ஓட்டத் தெரியாமல் அவன் ஆடி ஆடி வந்தான். நின்றுபோனவர்களில் டீச்சர் ஒருவர் மட்டும் திரும்பி வந்திருந்தார். வழியில் அவர் மூச்சு வாங்கி நின்றபோது, பைய போங்க டீச்சர், நாங்க பொறத்த உண்டு என்றேன். மயிலாடி தாண்டி நீங்கள் விழுந்து கிடந்த இடம் வந்தது. இருவரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே அதைக் கடந்தோம்.

அஞ்சுகிராமம் விலக்கில் உங்கள் மணியை அடித்தேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழையபடி சைக்கிளில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு மணி கேட்டால் போதும். எனக்குப் போதவில்லை. காலை ஊன்றி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்களுக்குப் பின்னால் ஆள் இல்லை என்று அவன் சொல்லவில்லை. என்னோடு அவனும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.