விலாசம் சொல்லாத படங்கள்

இன்று லேக் மார்க்கெட்டைக் கடக்கும்போது வடை வாசனை வந்தது. நான் நிற்கவில்லை. நின்றிருக்கலாம், நேற்றுதான் நம் பந்தயம் முடிந்தது.

உனக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் கடைசி, ஆய்வுக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே மேஜை. ஒரு கேலக்ஸிக் கூட்டத்தின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது சுருள், இது நீள்வட்டம் என்று பெயர் போடுவோம். அந்தப் பெயர்களை வைத்துத்தான் கணினி தானாக இனம் பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருத்தி போட்டதை மற்றவள் பார்க்கக் கூடாது. பெயர் வேறுபட்டால் சண்டை. தோற்றவள் வடை வாங்கித் தர வேண்டும். உன் அம்மா நம் கணினிக்கும் காளிகாட்டுக் கோயில் சிவப்புக் கயிறு கொடுத்தனுப்பினார். "அதுவும் பரீட்ச எழுதற கொழந்ததானே" என்றாராம்.

கூட்டத்தின் நடுவில் நீள்வட்டங்கள்தான் மொய்க்கும். சுருள்கள் பெரும்பாலும் ஓரத்தில். நடுவிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் கணினிக்குச் சொல்லிவிட்டால் மதிப்பெண் ஏறும் என்றேன். உனக்கு வந்ததே கோபம்! வங்காளிகளைப் போலவே சலித்துக்கொண்டாய்:

"த்யாத்! விலாசத்தப் பாத்து ஆள எடை போடுவியா? நான் பொறந்து வளந்தது பெஹாலா. அதுக்காக பெங்காலி ஆயிடுவேனா?"

"நீ பேசற தமிழக் கேட்டா அப்படித்தான் தோணுது."

நீ சிரிக்கவில்லை. "நடுவுல தப்பித்தவறி ஒரு சுருள் இருந்தா, உன் மெஷின் அத மதிக்கவே மதிக்காதுடி" என்றாய். நான் விட்டுக்கொடுத்தேன்.

அப்படி ஒன்று இருப்பதாகவே நீ நம்பினாய். நட்டநடுவில், மங்கலாக. நீ சுருள் என்றாய், நான் நீள்வட்டம் என்றேன். இதோ கை தெரிகிறது என்று திரையைத் தொட்டுக் காட்டுவாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் விரல் பட்ட கறைதான். அந்த வாரம் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனாய். மலேரியா. சண்டை முடியுமுன் நீ போய்விட்டாய்.

பெஹாலா வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன், படம் பார்த்தேன், பெயர் போட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன கால்போல இருந்தது மனசு. இன்னும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அந்த ஒரு படத்துக்கு மட்டும் பெயர் போடாமல் விட்டேன். கேட்டவர்களிடம், சண்டை இன்னும் முடியவில்லை என்றேன். யாரும் திரும்பக் கேட்கவில்லை.

நேற்று, அதே கேலக்ஸியைப் புதிய தொலைநோக்கி எடுத்த தெளிவான படம் வந்தது. கையுமில்லை, சுருளுமில்லை. வழவழவென்று நீள்வட்டம். நான் சொன்னதுதான் சரி. இத்தனை வருடமும் நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தொலைவையும் சேர்த்திருந்தால் மெஷின் இதை அப்போதே சொல்லியிருக்குமே" என்று வங்காள மொழியில் கேட்டார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும், "த்யாத்!" என்று என் வாயிலிருந்து வந்தது. விலாசம் பார்த்து ஆளை எடை போடக் கூடாது என்று அவருக்கும் ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்தேன். அவர் பயந்துபோய்த் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

படத்துக்கு நீள்வட்டம் என்று பெயர் போட்டுவிட்டேன். கணினிக்குத் தொலைவை இன்றும் சொல்வதில்லை, சொல்லப்போவதுமில்லை. வடை மட்டும் நானாக வாங்கித் தின்ன மாட்டேன். தோற்றது நீ. நீதான் வாங்கித் தர வேண்டும்.