வெண்பாவுக்குப் பரிவட்டம்

மார்ச் 10, திங்கள்

அமெரிக்காவில், இந்தக் காப்பெலில், இன்று காற்று அதிகம். வெண்பாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு காரில் உட்கார்ந்திருந்தபோது மயில்சாமி அழைத்தார். கருமாங்காட்டு அரண்மனைக் காரியஸ்தர். என் கணவர் சேனாபதி இறந்த இந்த மூன்று வருடத்தில் தீபாவளிக்கு மட்டும் பேசுகிறவர்.

"பெரியவரு நேத்துப் போயிட்டாருங்கம்மா."

சேனாபதியின் அண்ணன். பட்டத்தில் இருந்தவர், பிள்ளை இல்லை. துக்கம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "இனி நம்ம சின்னம்மிணிதானுங்க" என்றார்.

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது.

மார்ச் 14, வெள்ளி

ராஜ்ஜியம் என்று ஒன்றும் கிடையாது. எட்டு ஊர், ஒரு பழைய வீடு, ஒரு அம்மன் கோயில். வைகாசித் தேரன்று பட்டத்துக்குரியவர் பரிவட்டம் கட்டிக்கொண்டு வடத்தைத் தொட வேண்டும். அப்புறம் வருடம் முழுக்க அந்த எட்டு ஊர்ச் சச்சரவையும் கேட்க வேண்டும்.

வெண்பாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். நான் தொடாவிட்டால் தேர் அங்கேயே நிற்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நிற்கும் என்றேன். அவ்வளவு ஜனமும் வெயிலில் நிற்குமா? நிற்கும். அதற்கப்புறம் யோசித்துக்கொண்டே சாப்பிட்டாள். அந்த யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வாட்ஸ்அப்பில் ஒரு குரல். தெரியாத எண்.

"பொட்டப்புள்ளைக்குப் பரிவட்டமுங்களா? தேர்க்கூட்டத்துல எது வேணா நடக்குமுங்க. புள்ள அங்கயே பத்திரமா இருக்கட்டும்."

மரியாதையாகத்தான் பேசுகிறான். அதனால்தான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். அகிலனா? சேனாபதியின் பங்காளி; அண்ணனுக்கு அடுத்து தான்தான் என்று பத்து வருடமாகச் சொல்லிவருகிறவர். அவர் குரலை என் கல்யாணத்தில் கேட்டதோடு சரி.

போலீசுக்குச் சொல்வதா? எந்த ஊர் போலீசுக்கு? வெண்பாவிடம் மூச்சு விடவில்லை. அழிக்கவும் கை வரவில்லை.

ஏப்ரல் 3

வெண்பாவின் பள்ளி பஸ் நிற்கும் இடத்தில் புதிதாக ஒருவர். நாயோடு வந்த பக்கத்துத் தெருக்காரராம். வீட்டுக்கு வந்தும் கதவை இரண்டு முறை பூட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 19, சனி

அகிலனின் வக்கீல் காகிதம் அனுப்பியிருந்தார். பட்டம் வேண்டாம் என்று தாய் எழுதிக்கொடுத்தால் போதும். நிம்மதி. வெண்பாவிடம் மளிகைக்கடைக்கு என்று சொல்லிவிட்டு, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட பாங்க்குக்குப் போனேன். நோட்டரி அம்மாள் பேனாவை நீட்டினாள். அப்போதுதான் மூன்றாவது பத்தியைப் படித்தேன்: 'மேற்படி மைனர் பெண்ணாகப் பிறந்தபடியால் தகுதியற்றவர் என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.'

எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதில் எப்படிப் போடுவது? மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காரில் ஏறியதும் அழுகை. என்னடி வீராப்பு உனக்கு? உன் ரோஷத்துக்கு அவளக் கூட்டத்துல கொண்டுபோய் நிறுத்துவியா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் வந்து பதில் சொல்லுவா?

மே 11, ஞாயிறு

கையெழுத்துப் போடாததே சம்மதம் என்று ஆகிவிட்டது. மயில்சாமி வீடியோவில் பாடம் எடுக்கிறார். பரிவட்டம் கட்டும்போது தலையைக் குனியக் கூடாது. முதலில் பூசாரியிடம் நலம் விசாரிக்க வேண்டும். தண்ணீர் கேட்கக் கூடாது. அவர்களாகத் தர வேண்டும்.

"தாகமா இருந்தா?" என்றாள் வெண்பா ஆங்கிலத்தில்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "பெரியவரு கேட்டதில்லீங்க" என்றார்.

மே 27, செவ்வாய்

அனுப்பிவிட்டேன்.

நான் போக முடியாது. போனால் திரும்பி வர விசாவில் புது முத்திரை வேண்டும்; அதற்காக அங்கே மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், திரும்பவும் முடியாது. வெண்பா இங்கே பிறந்தவள், அவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சேனாபதியின் அக்கா அனந்தலக்ஷ்மி, இந்த நாட்டிலேயே பிஸ்கட்டவே என்ற ஊரில் இருப்பவர், வந்து கூட்டிப் போகிறார். அவரிடம் மட்டும் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். "செல்வி, அவ கைய நான் விடமாட்டேன். நீ சாப்பிடு" என்றார்.

ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி தாண்டியதும் வெண்பா திரும்பிப் பார்க்கவில்லை. பயமா, பயமில்லையா?

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழரை. அங்கே சாயங்காலம் ஆறு. யாரோ போனில் நேரலை போட்டிருந்தார்கள். வெண்பாவுக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை, தலையில் பரிவட்டம், கண்ணுக்கு மேல் சரிந்து சரிந்து விழுகிறது. பக்கத்தில் அனந்தலக்ஷ்மி. தேருக்கு இருபதடி முன்னால் அகிலன் நின்றார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். வடத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார்கள். மேளம் நின்றது. யாரோ கத்தினார்கள். படம் ஒரு சட்டையின் முதுகில் போய் முட்டி, அணைந்துவிட்டது.

நாற்பது நிமிடம். அனந்தலக்ஷ்மி எடுக்கவில்லை. மயில்சாமி எடுக்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேண்டுதல்கூட வரவில்லை. அந்தக் காகிதம், அந்தக் காகிதம் என்றே மனசு அடித்துக்கொண்டது.

பிறகு அனந்தலக்ஷ்மியின் அழைப்பு. அழுதுகொண்டு பேசினார்.

"கைய உதறிட்டு அவன்கிட்டயே போயிட்டா செல்வி. எல்லாரும் மூச்சப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. 'சித்தப்பா, எனக்கு வழி தெரியாது, நீங்க வாங்க'ன்னு தமிழ்ல சொல்றா. அவன் என்ன பண்ணுவான்? அத்தன பேர் முன்னாடி சித்தப்பான்னுட்டா. வடத்துல இருந்து இறங்கிட்டான். ரெண்டு பேரும் சேந்துதான் தொட்டாங்க."

தேர் நகர்ந்ததாம். 

ஜூன் 14, சனி

வந்துவிட்டாள். கறுத்து, இளைத்து, உள்ளங்கையில் வடம் உரசிய தழும்போடு. ஃப்ரீவேயில் வரும்போது மெதுவாகக் கேட்டேன்: அவர் யாரென்று தெரியாமல்தானே கூப்பிட்டாய்?

தெரியும் என்றாள். ஏப்ரலில் காரில் பாட்டுப் போட என் போனை எடுத்தபோது அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். தேர் முன்னால் அவர் வாயைத் திறந்ததும் அதே குரல்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "நீ ஆல்ரெடி பயந்துட்டு இருந்த."

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, அவள் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

காலை எட்டு. ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. இரண்டு குடும்பத்துக்கிடையே ஒரு கிணற்றுப் பாதைத் தகராறு. வெண்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். புரியாத வார்த்தைக்கெல்லாம், "மறுபடி சொல்லுங்க" என்றாள். தோசை ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பேசு என்று சொல்லத்தான் போனேன். அவள் திரும்பாமலே, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினாள்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை சுவரோரமாக நின்றேன்.